வாசலுக்கு வரும் தர்மம்

பிரிட்டனில் வீடு வீடாக வந்து நன்கொடை கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு: அசல், போலி. கழுத்தில் அட்டை, கையில் கோப்பு, முகத்தில் புன்னகை என்று இருவருக்கும் ஒரே வேஷம். வரும் நேரமும் ஒன்றுதான்: அடுப்பில் கடுகு வெடிக்கிற மாலை வேளை.

இவர்களுக்கென்று 1939இலேயே சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு வீடாக வசூலிக்க, பெரும்பாலான இடங்களில் உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும். சில பெரிய தொண்டு நிறுவனங்களுக்கு மட்டும் அரசு விலக்கு அளித்திருக்கிறது. வசூலிப்பவரிடம் அடையாள வில்லையும் அதிகாரச் சான்றிதழும் இருக்க வேண்டும். பணத்தை உண்டியலில் வாங்கினால் அதற்கு முத்திரை வேண்டும். இல்லையேல் ரசீது தர வேண்டும். 1947இல் வந்த விதிகளின்படி, வீட்டுக்காரர் போகச் சொன்ன பிறகும் வாசலில் நிற்கக் கூடாது. எரிச்சல் வரும்படி நச்சரிக்கவும் கூடாது.

சிக்கல், அந்தப் ‘போங்கள்’ என்ற சொல்லை யார் சொல்வது என்பதில்தான். வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று வளர்ந்த தமிழருக்கு அது வாயில் வராது. நாற்பது வயதைத் தாண்டியவர்கூட “வீட்டில் பெரியவர்கள் இல்லை” என்று சொல்லித் தப்பப் பார்ப்பார். தலை நரைத்தவர் சொன்னால் வந்தவர் நம்புவதில்லை.

அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. அசல் ஆள் பெரும்பாலும் சில்லறையைத் தொடமாட்டார். அவருக்கு வேண்டியது டைரக்ட் டெபிட்; அதாவது மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகக் கழியும் தொகை. ஆகவே கணக்கு எண்ணைக் கேட்பார். அவர் ஏஜென்சி மூலம் வந்த கூலி ஆள் என்றால், தனக்குச் சம்பளம் உண்டு என்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரே சொல்லியாக வேண்டும். வங்கி எண்ணும் கேட்டு, சம்பளத்தையும் ஒப்புக்கொள்பவரைத் திருடன் என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்துவார் வீட்டுக்காரர். மறுநாள், “இருப்பதைக் கொடுங்கள், ஐயா” என்று பணிவாகக் கை நீட்டும் போலிக்குப் பத்து பவுண்டு போய்ச் சேரும்.

ஆளைப் பார்த்து எடைபோடுவதைவிட எண்ணைப் பார்ப்பது நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான தொண்டு நிறுவனத்தின் எண்ணில் ஆறு அல்லது ஏழு இலக்கம் இருக்கும். அதைத் தொண்டு ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். எண்ணையே திருடி அச்சடிப்பவர்களும் உண்டு. ஆகவே தொலைபேசியில் விசாரிப்பவர் பதிவேட்டில் உள்ள எண்ணை அழைக்க வேண்டும். வந்தவரின் அட்டையில் உள்ள எண்ணை அழைத்தால், அவருடைய கூட்டாளியே எடுத்து நற்சான்று தரக்கூடும்.

பழைய துணி கேட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக் பைகளுக்கும் இதே சோதனைதான். பையில் குழந்தையின் படம் பெரிதாகவும், தொண்டு எண்ணுக்குப் பதில் எட்டு இலக்கக் கம்பெனி எண் பொடியாகவும் இருந்தால், அது துணி வியாபாரியின் பையாக இருக்கலாம்.

கொடுக்க மனமிருப்பவர் நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகக் கொடுக்கலாம். வரி செலுத்துபவர் ‘கிஃப்ட் எய்ட்’ கட்டத்தில் குறியிட்டால், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும்.

வாசல் தொல்லைக்கு மருந்து, ‘நோ கோல்ட் காலிங்’ என்ற ஸ்டிக்கர். அது ஒட்டிய கதவைத் தட்டக் கூடாது என்பது நிதி திரட்டுவோருக்கான நெறிமுறை. அசல் ஆள் அதைப் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகும் தட்டுபவர் போலியாக இருக்கலாம். இல்லையேல் கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்.