செல்விரதக்காரர்

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கே அறிவிப்பு வந்துவிடும். "நாளை காலை 6 முதல் மாலை 6 வரை கைப்பேசியைத் தொடமாட்டேன். அவசரம் எனில் இல்லத்தரசியின் எண்ணுக்கு அழைக்கவும்." கீழே கும்பிடும் கைகள் இரண்டு, தாமரை ஒன்று. குடும்பக் குழு, அடுக்ககக் குழு, பள்ளித் தோழர்கள் குழு, வாக்கிங் குழு என்று ஒன்று பாக்கியில்லாமல் போடுவார். போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று பன்னிரண்டு வரை விழித்திருந்து பார்ப்பார்.

இப்போது அடுக்ககத்துக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், வி.ஆர்.எஸ். வாங்கியவர். போன வருஷம் பேலியோவில் இருந்தார், அதற்கு முன் சிறுதானியத்தில். முடிவே இல்லாமல் உருட்டிக்கொண்டே போகும் திரையை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின், பிறகு அவரே அதற்காக வருத்தப்பட்டார் என்பதைச் சலூனில் கழுத்தில் துணி கட்டிய நிலையிலும் விளக்குவார். தெரிந்துகொண்டது யூடியூபில், ராத்திரி ஒரு மணிக்கு.

கலர்தான் ஆளை இழுக்கிறது என்று யாரோ சொல்ல, போனைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினார். நல்ல யோசனைதான். ஆனால் படித்தாயிற்று என்று காட்ட 2014-இல் வாட்ஸ்அப் கொடுத்த நீல டிக்கும், வெறுமே போய்ச் சேர்ந்தது என்கிற சாம்பல் டிக்கும் இப்போது ஒரே நிறம். அதனால் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் பின்னாலேயே ஒரு அழைப்பு: "மாப்ளே, பாத்தியா?"

ஐபோனில் 2018-இல் வந்த ஸ்கிரீன் டைம் கணக்கு அவருக்குச் சுகர் ரிப்போர்ட் மாதிரி. குறைந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லாக் குழுவிலும் போடுவார். ஏறியிருந்தால், "பேரன் வந்திருந்தான்ல, அவன் வேலை."

மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து வட்காவ் கிராமத்தில் 2022 முதல் சாயங்காலம் ஏழு மணிக்குச் சங்கு ஊத, ஊரே ஒன்றரை மணி நேரம் போனையும் டிவியையும் அணைத்துவைத்ததாம். இங்கேயும் வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் முழங்கினார். பரிசீலிக்க ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கப்பட்டது. அட்மின் அவரே.

இனி ஞாயிற்றுக்கிழமை. போன் பீரோவுக்குள், சாவி மனைவி இடுப்பில். கீரை வாங்கக் கீழே இறங்குகிறார். ரெண்டு கட்டு முளைக்கீரை, ஒரு கட்டு அரைக்கீரை, நாற்பது ரூபாய். சட்டைப் பையில் காசு வைக்கும் பழக்கம் போய் வெகுகாலமாயிற்று. கீரைக்காரம்மா ஸ்கேன் பண்ணும் அட்டையை நீட்டுகிறார்.

"போன் இல்லம்மா, விரதம்."

"கீரை சாப்பிடலாம்ல சாமி?"

கீரைக்காரம்மாவின் போனை வாங்கி மனைவியைக் கூப்பிடலாம். அடுத்தவர் போனைத் தொட்டால் விரதம் கெடாது என்பது அவர் சாஸ்திரம். கெட்டது என்னவென்றால், முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனைவியின் நம்பர் மனப்பாடமில்லை. மூன்றாவது மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நாப்பது ரூபா ஜிபே பண்ணு!"

"எந்த நம்பருக்கு?"

கீரைக்காரம்மா எண் எண்ணாகக் கத்த, இவர் வாங்கி மேலே கத்த, ஏழாவது எண்ணில் குழம்பி மறுபடி முதலிலிருந்து. ஏ பிளாக், பி பிளாக் பால்கனிகளில் தலைகள். தவறிப்போய் வேறு யாராவது அனுப்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

காலைக் கூத்து இதோடு போகும். கஷ்டம் மத்தியானத்துக்கு மேல்தான். பேப்பரைப் படித்தாயிற்று, தூக்கம் வரவில்லை. மெல்ல அடுப்பங்கரைக்குள் நுழைகிறார். இந்த வீட்டுக்கு எதற்கு நாலு வடிகட்டி? கடுகு டப்பா ஏன் கைக்கெட்டாத தட்டில்? ரசத்துக்கு இவ்வளவு புளியா? அஞ்சறைப் பெட்டியை எடுத்து மிளகையும் சீரகத்தையும் இடம் மாற்றிவைக்கிறார்.

மணி மூன்றரை. அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பீரோவைத் திறந்து போனை எடுத்து வந்து நீட்டினார்.

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஹால்ல போய் உக்காந்து ரீல்ஸ் பாருங்க."