வாழ்த்துரைக்கு ஐந்து நிமிடம்

தமிழ்நாட்டு விழா மேடையில் எத்தனை விநாடி ஆகும் என்று அடித்துச் சொல்லக்கூடிய நிகழ்ச்சிகள் இரண்டே இரண்டு. தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, 55 விநாடி. முடிவில் நாட்டுப்பண், 52 விநாடி. இரண்டுக்கும் அரசாங்கமே கணக்கு வகுத்து வைத்திருக்கிறது. நடுவில் நடப்பது எந்த அரசாங்கத்துக்கும் கட்டுப்படாதது.

அந்த நடுவில்தான் என் ஜாகை. எங்கள் கும்பகோணத்தில் புத்தக வெளியீடு, ஆண்டு விழா, பணிநிறைவுப் பாராட்டு எதுவானாலும் அழைப்பிதழில் 'வாழ்த்துரை' என்று போட்டு, கீழே ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். அதில் நடுவாந்தரமாக நானும் இருப்பேன். தலைமையுரைக்கு வயதாக வேண்டும். சிறப்புரைக்குச் சென்னையிலிருந்து வர வேண்டும். வாழ்த்துரைக்கு வீடு மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். "சார், ஒரு அஞ்சு நிமிஷம். சும்மா வந்து வாழ்த்திட்டுப் போங்க."

சும்மா வாழ்த்த முடிகிறதா? அஞ்சில் மூன்று, மேடையில் இருப்பவர்களை விளிப்பதற்கே போய்விடுகிறது. வெறும் பெயரைச் சொன்னால் குறைச்சல். ஆளுக்கொரு 'செயல்வீரர்', 'பண்பாளர்', 'கொடை வள்ளல்' சேர்க்க வேண்டும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது தாமதமாக வருவார். அவருக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். அவரையும் பட்டியலில் செருக வேண்டும். இந்த வம்பே வேண்டாமென்று நூலாசிரியர் பெயரை மட்டும் சொல்லி, மற்றவர்களை 'மேடையில் வீற்றிருக்கும் பெருமக்களே' என்று ஒரே கும்பிடில் முடித்துப் பார்த்தேன். அன்று சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெருமகன் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, பாயசம் வரும்வரை என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

எழுதி வைத்த பேச்சை முதலில் என் மனைவிக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"ஏங்க, ரெண்டு பக்கமா உங்க பாட்டி வராங்க, பள்ளிக்கூடம் வருது, காவிரில வெள்ளமே வந்துடுச்சு. புத்தகம் எங்க வருது?"

"மூணாம் பக்கத்துல."

"அப்ப மூணாம் பக்கத்துலேர்ந்தே ஆரம்பிங்களேன்."

பேச்சமைப்பு பற்றி இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. முதல் இரண்டு பக்கம் எழுதுகிறவன் சூடேறுவதற்காக எழுதிக்கொள்வது. அந்த அடுப்புச் செலவை அவையின் தலையில் கட்டக் கூடாது.

மேடைப்பேச்சுக் கலை என்று கடைகளில் அலமாரி நிறையப் புத்தகம் விற்கிறது. எனக்குப் பவணந்தி முனிவர் போதும். 13ஆம் நூற்றாண்டிலேயே, ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூலில் எண்ணி வைத்துவிட்டார். அவர் சொன்னது எழுதும் நூலுக்குத்தான். ஆனால் யாரோ மைக் பிடித்ததைப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். 'மற்றொன்று விரித்தல்' என்கிறார். ஹைக்கூ நூலை வாழ்த்த வந்தவர் தம் மகன் அமெரிக்காவில் வீடு வாங்கிய கதையைச் சொல்வது. 'கூறியது கூறல்' என்கிறார். 'நான் சொல்ல வந்ததையெல்லாம் எனக்கு முன் பேசிய அண்ணன் சொல்லிவிட்டார்' என்று அறிவித்துவிட்டு, அண்ணன் சொன்னதையெல்லாம் வரிசை மாறாமல் திரும்பச் சொல்வது.

எனக்குப் பிடித்த குற்றம் 'சென்று தேய்ந்து இறுதல்'. பேச்சு தொடங்கும்போது மைக் அதிரும். கொஞ்ச நேரத்தில் குரல் இளைக்கும். பிறகு 'அப்படிப்பட்ட... அந்த வகையிலே... ஆகவே...' என்று இழுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். முடிந்துவிட்டதா என்று அவைக்குத் தெரியாது. முன்வரிசையில் ஒருவர் துணிந்து இரண்டு தட்டு தட்டுவார். பேச்சாளர் மூச்சு வாங்கத்தான் நின்றார் என்பது அப்புறம்தான் தெரியும்.

வள்ளுவர் இன்னும் கறார். திருக்குறளில் 'அவையறிதல்' 72ஆம் அதிகாரம், 'அவையஞ்சாமை' 73. எதிரே இருப்பது யாரென்று முதலில் பார், அதற்கப்புறம் அஞ்சாமல் பேசு என்பது வரிசை. நம்மவர்கள் நேரே 73க்குப் போய்விட்டார்கள். பயம் சுத்தமாகப் போய்விட்டது. எதிரே யார் என்பதுதான் தெரியவில்லை. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் சங்க காலக் கடல் வணிகத்தை விரித்துக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில் மயில் வேடம் போட்ட ஒரு குழந்தை, முதுகில் கட்டிய தோகையோடு உட்காரவும் முடியாமல், கால் மாற்றி மாற்றி நின்று டீச்சரைப் பார்த்துச் சுண்டுவிரலைக் காட்டிக்கொண்டிருந்தது. கப்பல் இன்னும் ரோமாபுரியைத் தொடவில்லை. 'பயனில சொல்லாமை'யை வள்ளுவர் எங்கே வைத்திருக்கிறார் தெரியுமோ? அறத்துப்பாலில், புறங்கூறாமைக்கும் தீவினையச்சத்துக்கும் நடுவில். காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்.

வாழ்த்துரைக்காரர்களின் குலதெய்வம் ஆபிரகாம் லிங்கன் என்பது என் கட்சி. 1863 நவம்பர் 19, கெட்டிஸ்பர்க். போரில் இறந்த வீரர்களுக்கான கல்லறை மைதானத்தை அர்ப்பணிக்கும் விழா. சிறப்புரை எட்வர்ட் எவரெட். இரண்டு மணி நேரம் பேசினார். நிகழ்ச்சி நிரலின்படி ஜனாதிபதி அர்ப்பணிப்பாகச் சில வார்த்தை சொன்னால் போதும். நம் கணக்கில் அது வாழ்த்துரைதான். லிங்கன் பேசியது சுமார் 270 சொல். நாடு எப்படிப் பிறந்தது என்று தொடங்கினார், இன்றைய போருக்கு வந்தார், உயிரோடு இருப்பவர்கள் இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்தார். நேற்று, இன்று, நாளை, அவ்வளவுதான் அமைப்பு. மேடையில் இருந்த ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. ஜனாதிபதி என்பதால் பந்தியில் தப்பித்திருப்பார். நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்டதை நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தாலே மகிழ்வேன் என்கிற பொருளில் எவரெட் மறுநாள் அவருக்குக் கடிதம் எழுதினார். எங்கள் பக்கத்தில் சிறப்புரை, வாழ்த்துரைக்குக் கடிதம் எழுதிய வரலாறு கிடையாது. துண்டுச்சீட்டுதான் வரும்.

அந்தச் சீட்டை நம்பித்தான் இப்போதெல்லாம் என் பேச்சையே கட்டுகிறேன். ரயில் மாதிரி. எஞ்சினும் கார்டு பெட்டியும் நிலையானவை: முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடம். நடுவில் மூன்று பெட்டி. எதைக் கழற்றினாலும் வண்டி ஓடும். எனக்கு முன் பேசியவர் ஒன்றைக் கொண்டுபோனால் அதை அவரிடமே விட்டுவிடுவேன். சீட்டு வந்தால் இன்னொன்றைக் கழற்றுவேன். சீட்டைக் கொண்டுவரும் விழாக்குழுச் செயலாளர், தம்மை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் முதுகை இரண்டாக மடித்து மேடையின் குறுக்கே வருவார். அந்த நேரத்தில் மொத்த அவையும் அவரைத்தான் பார்க்கும். அழைப்பிதழின் ஓரத்தைக் கிழித்து எழுதியிருப்பார்: 'ஒரு நிமிடத்தில் முடிக்கவும். சி.வி.க்கு ரயில் இருக்கிறது.' சி.வி. என்றால் சிறப்பு விருந்தினர்.

பேச்சைப் பற்றிக் கருத்துக் கேட்க வேண்டுமானால் நான் போவது மைக்செட் தம்பியிடம். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஊரின் அத்தனை பேச்சையும் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்ட ஒரே மனிதர் அவர்.

"'இறுதியாக'ன்னு ஒருத்தர் சொன்னா நான் டீ குடிக்கப் போவேன் சார். 'இறுதியாகவும் உறுதியாகவும்'னு சொன்னா டிபனே சாப்பிட்டுட்டு வந்துடலாம்."

"நான் பேசறப்ப?"

"நீங்க வாழ்த்துரைதானே சார்? அப்பதான் பேட்டரி மாத்துவேன்."