நாலாவது நடை

“ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி?”

மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே டாக்டர் கேட்பதுபோலத்தான் கேட்பார். “ரெண்டு” என்று நாய்க்காரர் யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. “பாவம் சார், வாயில்லா ஜீவன். நான் நாலு.” நாலு விரலையும் உயர்த்துவார். அதே கையில் சங்கிலி இருப்பதால் சீசரின் முன்னங்கால்களும் தரையைவிட்டு எழும்பும். நாயே சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பதுபோல இருக்கும்.

எங்கள் தெருவில் இவர் இருக்கிறார். உங்கள் தெருவிலும் இருப்பார். மகன் அமெரிக்கா போகும்போது விட்டுப்போன லாப்ரடார், ஓய்வூதியம், அரைக்கால் டிரவுசர். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது அந்த நாலைப் பற்றி. அவர் வீட்டு கேட்டிலிருந்து என் வீட்டு கேட் வரை ஒரு நடை. திரும்பினால் கணக்கு முடிந்தது. போக வர ஆறு நிமிஷம், அதில் மூன்று நிமிஷம் என் வாசலில். வழியில் சீசர் மின்கம்பத்தை மோந்துபார்க்க நின்றால் சங்கிலியை வெடுக்கென்று இழுப்பார். தெருவில் நேற்றிரவு யார் வந்தார், யார் போனார் என்ற சேதியெல்லாம் அந்தக் கம்பத்தில்தான் இருக்கிறது. நாய் நடக்கக் கிளம்புவதே அதைப் படிக்கத்தான். இவருக்கோ எண்ணிக்கை தவறக்கூடாது.

ஆதாரமும் வைத்திருக்கிறார். இத்தாலியில் டூரின் என்று ஒரு நகரம். நாளுக்கு மூன்று முறையாவது நாயை வெளியே கூட்டிப்போகாதவர்களுக்கு 500 யூரோ வரை அபராதம் என்று 2005-ல் அந்த ஊர் நகராட்சி விதி போட்டது. இது நிஜம்தான். “அவன் மூணு, நான் நாலு” என்று இத்தாலியையே ஒன்றால் ஜெயித்த பெருமை இவருக்கு. ஆனால் 2020-ல் ஜெர்மனி வேளாண் அமைச்சர் முன்வைத்த யோசனையைப் பற்றி மூச்சு விடமாட்டார். நாளுக்கு இரண்டு தடவை போதும், மொத்தம் ஒரு மணி நேரம் ஆகவேண்டும் என்றது அது. நாலாறு இருபத்து நாலு. ஜெர்மனியில் சார் ஃபெயில்.

நாலில் ஒன்று காலை பதினொரு மணிக்கு. சித்திரை மாதத்திலும்தான். புறங்கையைத் தார்ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தக்கூடாது என்பார்கள். சார் செருப்பு போட்டிருக்கிறார். சீசர் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து, நேரே என் வாசல் புங்கமர நிழலுக்கு ஓடிவருகிறது. தெருவிலேயே அங்கு மட்டும்தான் நிழல். வந்ததும் என்னைப் பார்த்து வாலை ஆட்டும். அப்புறம் ஒரு நிம்மதி. அப்புறம் அது வேலையை முடிக்கும்.

நாயைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கோலத்தை ஒதுக்கிவிட்டுத்தான் உட்காரும், அத்தனை மரியாதை தெரிந்தது. ஆனால் சார், நீங்கள் ஏன் அப்போது மட்டும் வானத்தைப் பார்க்கிறீர்கள்? பால்காரர் இரண்டு முறை மிதித்துவிட்டார். என் மாமியார் கீரை வாங்க இறங்கும்போது ஒரு முறை. ஒரு நடைக்கு வந்தாலும் அள்ளத்தான் வேண்டும், நாலு நடைக்கு வந்தாலும் அள்ளத்தான் வேண்டும். இதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். “மரத்துக்கு உரம்தானே” என்றார்.

மறுநாள் நானே ஒரு பழைய பேப்பரை நாலாக மடித்து நீட்டினேன். மறுக்காமல் வாங்கினார். பிரித்தார். நிழலில் சாய்ந்துகொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

“என்ன சார், குறுக்கெழுத்தை யாரோ ஏற்கெனவே போட்டுட்டாங்களே?”

சீசர் அதற்குள் உட்கார்ந்துவிட்டது.