கமராவில்தான் பிழை

பதுளைப் பக்கத்தில் தோட்டத்துக்கு ஒரு பெரிய கங்காணி இருந்த காலம் போய்விட்டது. இப்போது தோட்டத்துக்கு ஒரு லென்ஸ் அண்ணன் இருக்கிறார். பசறையிலும் உண்டு, ஹாலிஎலயிலும் உண்டு, அப்புத்தளை மலைகளில் டிவிசனுக்கு ஒருவர் உண்டு. கழுத்தில் வார், மார்பில் கறுப்புக் கமரா, லென்ஸ் மூடி சட்டைப் பையில். சில நாள் மூடி லென்ஸிலேயே இருக்கும். அன்றைக்கு, “சென்சர் செத்துப்போச்சு” என்பார்.

தான் எடுத்த படம் நன்றாக வரவில்லை என்பதை முதலில் சொல்பவரும் அவர்தான். அந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும். காரணம் மட்டும் எப்போதும் கமராவுக்குள்ளேயே இருக்கும்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிந்தது. கல், செங்கல், சீமெந்து. இரும்பே சேர்க்கவில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அசையாமல் நிற்கிற பாலம் அண்ணனின் படத்தில் மட்டும் ஆடும். கோச்சி அதன்மேல் ஊர்ந்துதான் போகிறது. ஆனால் அண்ணன் மேட்டில் ஓடி ஏறி, மூச்சிரைக்கிற கையோடு, ஷட்டரைச் செக்கனில் 15இல் ஒரு பங்குக்கு வைத்து அமுக்குவார். பெட்டிகள் நீலக் கோடாகிவிடும். வளைவுகளை எண்ணினால் ஏழு.

“மத்த ரெண்டு எங்கண்ணே?”

“கிட் லென்ஸ்ல ஏழுதான் தம்பி விழும். ஒம்பதும் வேணும்னா எல் சீரீஸ் வாங்கணும்.”

துன்ஹிந்தவிலும் இதே கதைதான். 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற அருவியில் அண்ணனிடம் அகப்பட்டது நடுத்துண்டு மட்டும். மேலே வானமும் இல்லை, கீழே தடாகமும் இல்லை. ஏதோ வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி இருந்தது. லென்ஸ் 55இல் நின்றது. அதை 18க்குத் திருப்பியிருந்தால் அருவி முழுதும் வந்திருக்கும். திருகினால் லூசாகிவிடும் என்று அவர் திருகுவதில்லை.

மழைக்காலத்தில் கமராவை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார், ஈரத்தை இழுக்குமாம். ஈரத்தை எவ்வளவு இழுத்ததோ, அரிசித் தூசு மட்டும் தாராளமாக உள்ளே போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், ஊவா மலைகளில் கமராவைக் குற்றம் சொல்ல நிஜமாகவே இடம் இருக்கிறது. அது அண்ணனுக்குத் தெரியாது. பனிமூட்டத்தில் ஆட்டோ ஃபோகஸ் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அளக்கிற மீற்றர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். படம் இருண்டு போகும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டிவைத்தால் சரி. அதற்கான பொத்தான் அண்ணனின் கமராவில் விரலுக்கு நேரே இருக்கிறது. கூட்டல் கழித்தல் போட்ட அந்தப் பொத்தானை அவர் கால்குலேட்டர் என்று நினைத்து விட்டுவிட்டார்.

ஒருமுறை கொழுந்து மலையில் பெண்களை வரிசையாக நிறுத்தி எடுத்தார். பின்னால் வானம் பளிச்சென்றிருந்தது, முகமெல்லாம் கரி. “இந்த மிசின் வெள்ளைக்காரன் முகத்துக்குச் செஞ்சது, நம்ம நிறத்துக்கு ஒத்துவராது” என்றார். இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஃபிலிம் காலத்தில் கோடக் கம்பனி ‘ஷெர்லி’ என்ற பெயரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை லாபுகளுக்கு அனுப்பி, அவள் தோலை வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்க்கச் சொன்னது. பிறகு கரும்பழுப்பு நிறங்களைத் திருத்தியதற்கும், சொக்லட் கம்பனிகளும் தளபாடக்காரர்களும் முறைப்பட்டதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அண்ணன் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தால் ஷெர்லி வந்து குறுக்கே நின்றிருக்க மாட்டாள்.

பிழைப்பு அவருக்குச் சடங்கு வீடுகளில். லயத்து வாசலில் பந்தல் போட்டு, கதிரைக்குச் சேலை சுற்றி, பிள்ளையை அலங்கரித்து உட்கார வைத்தால் அண்ணன் வந்துவிடுவார். கீழ் டிவிசன் பாட்டியின் பேத்தி சடங்கில் பிள்ளையின் தலையில் கிரீடம் வைத்திருந்தார்கள். அல்பம் வந்தபோது கிரீடமும் இல்லை, கிரீடத்துக்குக் கீழே நெற்றியும் இல்லை. பக்கத்தில் வைத்த வாழைப்பழச் சீப்பு முழுசாக இருந்தது. “வியூஃபைண்டர் காட்டுறது ஒண்ணு, எடுக்கிறது ஒண்ணு. பழைய மொடல் பாட்டி” என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போனார்.

பாடசாலை ஆசிரியர் ஒருவர் அவருக்கு ஜூலியா மார்கரெட் கமரனின் கதையைச் சொன்னார். புருஷனுக்குக் கோப்பித் தோட்டம் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்து, தோட்டத்துத் தமிழ்ச் சனங்களைப் படமெடுத்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடங்கிய அம்மா. 48 வயதில் மகள் கொடுத்த கமராதான் முதல் கமரா. படமெல்லாம் மங்கலாக இருக்கிறது என்று லண்டன் விமர்சகர்கள் திட்டினார்கள்.

“பாத்தீங்களா சேர், அந்தம்மாவுக்கும் லென்ஸ்தான் பிழை!” என்றார் அண்ணன்.

பழைய லென்ஸில் கோளாறு இருந்தது உண்மைதான். ஆனால் சில வருஷத்தில் அந்தம்மா பெரிய கமராவும் நல்ல லென்ஸும் வாங்கினார், படம் அப்போதும் மங்கலாகத்தான் வந்தது, அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது என்று ஆசிரியர் விளக்கினார். ‘பெரிய கமரா வாங்கினார்’ என்பதோடு அண்ணன் காதை மூடிக்கொண்டார்.

2022இல் ரூபாய் விழுந்த பிறகு கடையில் லென்ஸ் விலை கேட்பதே துணிச்சல். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் தங்கச்சியிடம் கேட்டார். அதுவும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 50 எம்எம் ஒன்றை அனுப்பியது. அந்த வாரம் அண்ணன் தரையில் நடக்கவில்லை. அடுத்த வாரப் படங்களிலும் தலை இல்லை; கழுத்து மட்டும் முன்னைவிடத் துல்லியமாக இருந்தது.

பிறகுதான் அது நடந்தது. ஒரு விடியற்காலை கீழ் டிவிசன் பாட்டி படங்கு கட்டி, கூடையோடு மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார். அண்ணன் அவசரத்தில் எடுத்தது பழைய லென்ஸை. அதற்குள் பூஞ்சணம் படர்ந்து வெள்ளை நரம்பு ஓடியிருந்தது. ஆயுளிலேயே முதல் தடவையாகக் கமரா உண்மையில் பழுது. எடுத்தார். அந்தப் பூஞ்சணத்துக்குள்ளால் வந்த வெளிச்சம் பனியோடு கலந்து பாட்டியின் முகச் சுருக்கங்களில் இறங்கி, படம் அப்படி வந்துவிட்டது. பிரதேச சபையில் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

பார்க்க வந்தவர்களில் ஒரு பொடியன் கேட்டான்: “சுப்பர் படம்ணே. என்ன கமரா?”

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. “கமராவா? கமராவாடா எடுத்துச்சு? அது வெறும் டப்பாடா! எடுத்தது நானு! இந்தக் கண்ணு, இந்தக் கையி!”

பாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். படத்தை ஒருதரம் பார்த்தார், அண்ணனை ஒருதரம் பார்த்தார்.

“அப்ப எம் பேத்தி தலையை வெட்டுனதும் நீதானாய்யா?”