மாட்டு வண்டியில் போன போர் விமானம்

1939 மார்ச் 23ஆம் தேதி, சாயங்காலம் ஏழு மணி தாண்டியிருக்கும். ஜப்பானின் நகோயா நகரத்தில் கடலோரம் இருந்த மிட்சுபிஷி விமானத் தொழிற்சாலையின் கேட் திறந்தது. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய சரக்கோடு இரண்டு மாட்டு வண்டிகள் வெளியே வந்தன. அடுத்த சில வருஷங்களுக்குப் பசிபிக் வானத்தைக் கலக்கப்போகும் ஜீரோ போர் விமானத்தின் முதல் மாதிரி, பாகம் பாகமாகத் தார்ப்பாய்க்குள் படுத்திருந்தது. பரம ரகசியம். மாடுகளிடம் யாரும் ரகசியப் பிரமாணம் வாங்கியதாகத் தெரியவில்லை.

போகவேண்டிய இடம் ககாமிகஹாரா விமானத்தளம். தூரம் 48 கிலோமீட்டர். ஆன நேரம் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். கணக்குப் போட்டால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வருகிறது. வானத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தை எட்டப்போகும் துரை, தரையில் அசைபோட்டுக்கொண்டு போனார்.

காரணம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலையை ஒட்டி ஓடுதளம் கிடையாது. விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்க்க ககாமிகஹாராவுக்குத்தான் போகவேண்டும். வழியோ குண்டும் குழியுமான மண் ரோடு. லாரியில் ஏற்றினால் போய்ச் சேருவதற்குள் குலுங்கிக் குலுங்கி எதுவாவது நெளிந்துவிடும். குதிரை கட்டினால் எங்காவது நாய் குரைத்ததற்கு மிரண்டு, சரக்கை வயலில் சாய்த்துவிடும். மிச்சம் இருந்தது மாடு. மிரளுவதற்குக்கூடக் கொஞ்சம் நிதானமாக யோசிக்கும் பிராணி.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே போர் விமானப் பைத்தியம். எங்கள் ஊர் தாராபுரம் பக்கம், வீட்டில் மற்ற எல்லோருக்கும் மாட்டுப் பைத்தியம். இரண்டு பைத்தியமும் ஒரே வண்டியில் ஏறும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இந்தக் கதை கையில் சிக்கியதும் நேரே சித்தப்பாவிடம் போனேன். அந்தக் காலத்தில் பாரவண்டி ஓட்டியவர். ஜீரோ எப்பேர்ப்பட்ட விமானம், அதைக் கண்டு அமெரிக்கக்காரன் எப்படி நடுங்கினான் என்றெல்லாம் விரிவாகச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி பொறுமையாகக் கேட்டார்.

“எந்தூரு மாடு கண்ணு?”

“ஜப்பான் மாடுங்க சித்தப்பா. ஆனா விமானம் பாருங்க...”

“அது கெடக்குது உடு. பொழுது எறங்குனதுக்கப்புறம் வண்டி கட்டியிருக்கான், வெவரமானவன். வழியில தண்ணி காட்டுனானா?”

எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம் என்பதுபோல் பார்த்தார். நம் காங்கேயம் காளையைப் பூட்டியிருந்தால் பாதி நேரத்தில் போயிருக்கும் என்றும் சொன்னார். போயிருக்கும். ரேக்ளா பழகிய காளையாக இருந்தால் மாடு முதலிலும், சக்கரம் பிறகும், விமானம் மறுநாளும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதில் பாவம், ஜிரோ ஹோரிகோஷி. ஜீரோவை வடிவமைத்த தலைமைப் பொறியாளர். எடை என்றால் மனுஷனுக்கு ஆகாது. புதுவகை அலுமினியக் கலவையைத் தேடிப் பிடித்துப் போட்டார். பாகங்களில் எங்கெல்லாம் துளை போட முடியுமோ அங்கெல்லாம் துளை போட்டு கிராம் கிராமாகக் குறைத்தார். விமானிக்குப் பின்னால் கவசத் தகடுகூட வைக்கவில்லை. அப்படிச் சீவி எடுத்ததைத்தான் கனத்த கட்டை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். பார்க்கப்போனால் அந்த ஊர்வலத்தில் தோல் தடிப்பாக இருந்தது மாட்டுக்கு மட்டும்தான். நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் வண்டிமேல் சொகுசாகப் படுத்துக்கொண்டு வர, அத்தனை குதிரைகளையும் சேர்த்து இழுத்தது மாடு.

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி 2013இல் எடுத்த ‘தி விண்ட் ரைசஸ்’ படத்தில் ஹோரிகோஷிதான் நாயகன். மாடுகள் விமானத்தை இழுத்துப் போகும் காட்சியும் உண்டு. விமானம் பறக்கும் காட்சிகளைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. என் ஓட்டு மாடுகளுக்கு.

முதல் மாதிரியோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. போர் மூண்டு, ஜீரோக்கள் வரிசையாக வெளிவந்த காலத்திலும் நகோயாவிலிருந்து மாட்டு வண்டி போய்க்கொண்டேதான் இருந்தது. பிற்பாடு தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்து மாடுகள் சோர்ந்தபோது, பெர்ச்சரான் என்ற பிரெஞ்சு ஜாதிக் கனத்த குதிரைகளைப் பூட்டினார்கள். புண்ணாக்கு இல்லை என்றால் விமானப்படை இல்லை. இதைப் போர் வரலாற்றாசிரியர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

வெள்ளைக்காரன் இதைக் கேட்டுச் சிரிக்கவும் வழியில்லை. அவனுடைய பெருமைமிக்க மஸ்கிட்டோ, மரத்தால் செய்த விமானம். முதலில் வந்தவற்றில் மரத்துக்கு மரம் ஒட்டியது கேசின் பசை. பாலைத் திரித்து எடுக்கும் புரதம் அது. ஈரமும் பூஞ்சையும் அதற்கு ஆகவில்லை என்று பிறகு செயற்கைப் பசைக்கு மாறினார்கள். அவனுடைய விமானிகள் பலர் குளிருக்குப் போட்டுக்கொண்டது ஆட்டுத்தோல் ஜாக்கெட். ஜப்பான்காரன் மாட்டை விமானத்துக்கு முன்னால் கட்டினான், இவன் பாலையே உள்ளே பூசினான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜீரோ நம் பக்கமும் வந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பி கொழும்பைத் தாக்க வந்த குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக 36 ஜீரோக்கள் வந்தன. அவற்றை எதிர்க்க பிரிட்டிஷ் ஹரிகேன் விமானங்கள் எழும்பிய இடங்களில் ஒன்று கொழும்பு குதிரைப் பந்தயத் திடல். பந்தயத்தை நிறுத்திவிட்டு அதையே ஓடுதளமாக்கியிருந்தார்கள். அங்கே மாடு விமானத்தை இழுத்தது, இங்கே குதிரை விமானத்துக்கு இடம் விட்டது. கால்நடைகள் இல்லாமல் இரண்டு தரப்புக்கும் சண்டை போடத் தெரியவில்லை.

மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது மதராஸ்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. ரயிலில் இடம் கிடைத்தவர்கள் ரயிலில் போனார்கள். கிடைக்காதவர்கள் எதில் போனார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மாட்டு வண்டியில் கிளம்பிய விமானத்துக்குப் பயந்து மாட்டு வண்டியில் கிளம்பினார்கள்.

சென்னையில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தன் பாட்டியைப் பற்றி ஒரு கதை சொல்வார். திருவல்லிக்கேணியில் வாசலிலேயே பசு கட்டியிருந்த காலம். தெருவே காலியாகிவிட்டது. விமானத் தாக்குதல் தற்காப்புத் தொண்டர் ஒருவர் தொப்பியும் விசிலுமாக வந்து, “குண்டு விழப்போவுது பாட்டி, இன்னுமா கெளம்பல?” என்று பதறியிருக்கிறார். பாட்டி பசுவின் மடிக்குக் கீழே சொம்பை வைத்துக்கொண்டு நிமிரவே இல்லையாம்.

“செத்த விசில் ஊதாம இருடாப்பா. மாடு இப்பத்தான் சுரக்க ஆரம்பிச்சிருக்கு.”