வேட்டிக்கு ஏற்ற வண்டி

வேட்டி கட்டுகிற ஊரில், குறுக்கே பார் வைத்த சைக்கிளை ஆண்களுக்கென்று ஒதுக்கியவர் ஒருநாளும் வேட்டி கட்டிச் சைக்கிள் ஏறியிருக்க மாட்டார். ஏறவில்லைதான். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1885-இல் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி, கால்சட்டை போடுகிற ஊர்க்காரர். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயின் என்று இன்றைய சைக்கிளுக்கு ஜாதகம் எழுதியது அந்த வண்டிதான். அடுத்த சில ஆண்டுகளில் சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை நேராக ஒரு குழாயும் வந்து உட்கார்ந்துகொண்டது. கணுக்கால்வரை பாவாடை உடுத்திய அவ்வூர்ப் பெண்களால் அதைத் தாண்ட முடியவில்லை. குழாயைக் கீழே இறக்கினார்கள். துணி சிக்காமலிருக்கப் பின்சக்கரத்துக்கு வலையும் செயினுக்கு மூடியும் போட்டார்கள். லேடீஸ் சைக்கிள் தயார்.

பிறகு இரண்டு வண்டிகளும் கப்பலேறி இங்கே வந்தன. கணுக்கால்வரை துணி சுற்றிய ஆண்கள் நாம். நியாயமாகப் பார்த்தால் பார் இல்லாத வண்டி நம் பங்குக்கு வந்திருக்க வேண்டும். யாரும் நியாயம் பார்க்கவில்லை. என் அப்பாவின் தலைமுறை முழுக்க வேட்டியை மடித்துக் கட்டி, இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலால் தரையை உந்தி உந்தி, வண்டி வேகம் பிடித்ததும் அந்தக் காலைப் பின்பக்கமாக வீசி ஏறியது. எதிரே வருகிறவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். கேரியரில் அரிசி மூட்டை இருந்தால் பின்பக்கம் வீச வழியில்லை. முழங்காலை நெஞ்சுவரை தூக்கி, பாருக்கு மேலே முன்பக்கமாக நுழைக்க வேண்டும். அப்பா அப்படி நிற்கும் நேரத்தில் வீட்டில் யாரும் அவரிடம் காசு கேட்க மாட்டோம்.

சரி, இவ்வளவு தொல்லை தருகிற பாரைத் தூக்கி எறிந்தால் என்ன? அங்கேதான் கணக்கு வாத்தியார் குறுக்கே வருகிறார். மூன்று குச்சிகளை முனையோடு முனை ஆணியடித்தால் அந்த முக்கோணம் அசையாது. நான்கு குச்சிகளை அடித்துப் பாருங்கள், பழைய கயிற்றுக் கட்டில்போல ஒரு பக்கம் சாயும். பார் வைத்த சைக்கிளின் சட்டம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஏறக்குறைய இரண்டு முக்கோணங்கள். பாரைக் கீழே இறக்கினால் முன் முக்கோணம் போய், இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி ஓடும் ஒடுங்கிய நாற்கரம்தான் மிஞ்சும். மிதிக்க மிதிக்க அது லேசாக முறுக்கிக்கொள்ளும். முறுக்காமலிருக்கக் குழாயைத் தடியாக்க வேண்டும், வண்டி கனக்கும். பெண்களுக்கு இதுதான் சௌகரியம் என்று சொல்லிக் கொடுத்த வண்டி, ஆண்கள் வண்டியைவிடக் கனம்! மாடிப்படி ஏற்றும்போதுதான் அந்தச் சௌகரியம் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் நடுவழி ஒன்று கண்டார்கள். ஹேண்டில்பாருக்குக் கீழிருந்து இரண்டு மெல்லிய குழாய்களை, சீட்டுக் குழாயின் இருபுறமும் உரசிக்கொண்டு, பின் அச்சுவரை சாய்வாக இழுத்துவிட்டார்கள். மிக்ஸ்த் என்பது அதன் பெயர். பார்க்க அழகு, நம் தெருவில்தான் காணோம்.

பாருக்கு வக்கீலாக நானே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் குரங்குப் பெடல் ஏது? சீட்டு எட்டாத வயதில் ஒரு கையால் பாரை அணைத்து, அதற்குக் கீழே காலை நுழைத்து, உடம்பை ஒருக்களித்து ஓட்டிப் பழகியவர்கள்தானே நாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். அது மட்டுமல்ல, பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதற்காகவே சிலர் ஜென்ட்ஸ் வண்டியையே விரும்பியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கு எந்தச் சைக்கிள் என்று கவென்ட்ரியில் யோசித்தவர்களுக்கு இது தோன்றவே தோன்றியிருக்காது.

எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள ஆரம்பித்த வயதில் சைக்கிள் கடைக்குப் போய், பார் இல்லாத வண்டி கேட்டேன்.

"பாப்பாவுக்கா சார்? பூக்கூடை வெச்சதே இருக்கு."

"பாப்பா கல்யாணமாகிப் போயிட்டா. எனக்குத்தான்."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சார், ஜென்ட்ஸ் வண்டியும் அதே விலைதான்." காசு போதாமல்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் மனைவி சுற்றிவந்து பார்த்தாள். "பாரே இல்லையே, முன்னாடி நான் எங்க உக்கார்றதாம்?" கல்யாணமான நாளிலிருந்து என் பாரில் உட்கார்ந்திராதவள் கேட்கிற கேள்வி! தெருக்கோடியில் இஸ்திரி போடுகிற அண்ணன்தான் சரியாகப் பேசினார்: "நல்லதா போச்சு சார், இனிமே வேட்டி கிழியாது."

பாரிஸ் மாநகரம் 2007-இல் வெலிப் வாடகைச் சைக்கிள்களைத் தெருவில் நிறுத்தியபோது ஒன்றில்கூடக் குறுக்கு பார் இல்லை. யார் எடுத்தாலும் ஏற வேண்டும், அவ்வளவுதான் யோசனை. நம் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்கு அரசு தருவது இன்றும் பார் வைத்த சைக்கிள், பெண்ணுக்கு இல்லாத சைக்கிள். பார் இல்லாத வண்டியை ஒரு பையன் ஓட்டிப் போனால் வகுப்பு முழுக்கச் சிரிக்கும். அவன் தாத்தா ஓட்டினாலோ ஊரே சிரிக்கிறது. அந்தத் தாத்தாக்கள் பாருக்கு மேல் காலைத் தூக்கப் போய்ச் சாய்ந்து விழுந்தால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை, ஆட்டோ பிடிக்கிறார்கள்.

ஆகவே, ஐம்பதைத் தாண்டிய வேட்டிக்கார அன்பர்களே, அடுத்த சைக்கிளைப் பார் இல்லாமல் வாங்குங்கள். வலையையும் செயின் மூடியையும் கழற்றாதீர்கள், இரண்டும் நம் வேட்டிக்குத்தான் அதிகம் தேவை. கேரியரில் அரிசி மூட்டை வேண்டாம், ஹேண்டில்பார் ஆடும். உயரமானவர்கள் சீட்டைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் சீட்டுத் தண்டில் போட்டிருக்கும் கோடு வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கக் கூடாது.