லினக்ஸ் போட்டுக் கொடுப்பவர்

குடியிருப்புக்கு ஒருவர் இருக்கிறார். தண்ணீர் லாரிக்குப் போன் பண்ண ஒருவர், சங்கக் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க ஒருவர், மற்றவர்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுக்க ஒருவர். வயது முப்பதும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். சாவிக் கொத்தில் வண்டிச் சாவியோடு ஒரு பென்டிரைவும் தொங்கினால் அவரேதான். உபுண்டுக்காரர்கள் 2011 வரை உலகமெங்கும் தபாலில் இலவசமாக அனுப்பிவந்த சிடிகளில் ஒன்றை, உறை கசங்காமல், பட்டச் சான்றிதழ் இருக்கும் ஃபைலிலேயே வைத்திருப்பார்.

அவர் காதுபட "லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்டதிலிருந்து அவருக்கு ஓயாத முகூர்த்தம். எதிர்வீட்டு ரிட்டயர்டு மாமா மாட்டினார்.

"உங்க மெஷின்ல பதினொன்னு ஏறாது மாமா, டிபிஎம் சிப் பழசு. புதுசு வாங்குன்னு சொல்றான். நீங்க ஏன் வாங்கணும்? அரை மணி நேரத்துல நான் போட்டுத் தர்றேன்."

"எவ்வளவு ஆகும் தம்பி?"

"ஒரு காபி."

அரை மணி நேரம் என்பது பொய்யில்லை. இன்ஸ்டால் ஆக அவ்வளவுதான் ஆகும். "பழசும் ஓரமா இருக்கட்டும்பா" என்று மாமா கேட்டுக்கொண்டதால் விண்டோஸை ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குடிவைத்தார். மீதிக் காபிகளெல்லாம் அதற்கப்புறம்.

முதல் தகராறு வைஃபை. சிப்புக்கு டிரைவர் இல்லை. டிரைவர் நெட்டில் இருக்கிறது. நெட்டுக்குப் போக வைஃபை வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற நிலைமை. மாமா வாயடைத்துப் போனார், நம்மவர் அசரவில்லை. தன் போனை ஒரு யுஎஸ்பி கேபிளில் செருகி, டெதரிங்கைத் தட்டிவிட்டு, அதன் வழியாக டிரைவரை இறக்கினார். இறக்குவதற்காக டெர்மினலைத் திறந்ததும் மாமி பதறிவிட்டார்.

"என்னப்பா, திரையெல்லாம் கறுப்பாயிடுச்சு? போச்சா?"

"இல்ல மாமி, இப்பதான் ஆரம்பம்."

பாஸ்வேர்டை மாமாவையே அடிக்கச் சொன்னார். மாமா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. "கீபோர்டும் போயிடுச்சு" என்று முடிவுகட்டினார் மாமா. டெர்மினலில் பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாது, எத்தனை எழுத்து என்பதைக்கூட யாரும் எண்ணிவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள் என விளக்குவதற்குள் இன்னொரு காபி ஆயிற்று.

அடுத்த தகராறு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. ஏதோ பழைய ஃபைலுக்காக விண்டோஸுக்குப் போன மாமா, மணியைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"தம்பி, காலண்டர் ராகு காலம் ஆரம்பிச்சாச்சுங்குது. உன் மெஷின் மணி அஞ்சு, பிரம்ம முகூர்த்தம்ங்குது. நான் எதை நம்ப?"

நம்மவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நேரில் பார்த்திருக்க வேண்டும். மதர்போர்டில் ஒரு குட்டிக் கடிகாரம் இருக்கிறது. அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. நமக்கும் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி நேர இடைவெளி. லினக்ஸ் திருத்திவிட்டுப் போனதை விண்டோஸ் அப்படியே நம்பிவிட்டது. டெர்மினலில் ஒரே வரி, லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. அந்த ஒரு வரியை அடிக்கப் பத்து விநாடி. கிரீன்விச்சிலிருந்து தொடங்கி மாமாவுக்கு விளக்க முக்கால் மணி நேரம்.

பிறகு சத்தம். மாமிக்கு விடிந்ததும் சுப்ரபாதம் கேட்டாக வேண்டும். ஒலியளவு நூறில் நிற்கிறது, பாட்டு ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. நம்மவர் ஆல்சாமிக்சரைத் திறந்தார். வரிசையாகச் சின்னச் சின்னத் தூண்கள். ஸ்பீக்கர் தூணின் அடியில் மட்டும் 'எம்எம்' என்று இருந்தது. வாயைக் கட்டி வைத்திருக்கிறது என்று பொருள். எம் விசையை ஒரு தட்டுத் தட்டினார். 'எம்எம்' போய்ப் பூஜ்யம் பூஜ்யம் வந்தது. நூறில் நின்றிருந்த சுப்ரபாதம் மாலை ஆறு மணிக்குக் குடியிருப்பு முழுவதையும் எழுப்பியது.

பிரிண்டரில்தான் அவருக்கே வேர்த்தது. சில கம்பெனிகளின் பிரிண்டர்கள் செருகிய உடனே வேலை செய்யும். மாமாவுடையது அந்த ரகமில்லை. பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்றிதழ் எடுக்க வேண்டும். பட்டனை அழுத்தினால், மாமா உயிரோடிருக்கிறார் என்பதைத் தவிர மற்றதெல்லாம் அச்சாயிற்று. தப்பான டிரைவரில் போன போஸ்ட்ஸ்கிரிப்ட், சதவீதக் குறியும் ஆச்சரியக்குறியுமாகப் பக்கம் பக்கமாக வெளியே வந்தது. ராத்திரி பத்து மணிவரை போராடிவிட்டு, "பிடிஎஃப்பாக் கொடுங்க மாமா, நானே எடுத்துட்டு வர்றேன்" என்று பென்டிரைவோடு இறங்கிப் போனார். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுத்தார். அங்கே ஓடுவது விண்டோஸ் 7. இதை மாமாவிடம் சொல்லவில்லை.

தப்பு அவர்மேல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிப் செய்கிறவர்கள் பலர் விண்டோஸுக்கு டிரைவர் எழுதிக் கொடுத்துவிட்டு லினக்ஸைக் கண்டுகொள்வதில்லை. சிப்பின் உள்விவரத்தையும் தருவதில்லை. யாரோ ஆர்வலர்கள் இருட்டில் துழாவித் துழாவி எழுதுகிறார்கள். 1991-இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது லினக்ஸை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே, 2012-இல் பின்லாந்துப் பல்கலைக்கழக மேடை ஒன்றில் என்விடியாவைப் பற்றிப் பேசும்போது கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியவர். நம்மவர் அவ்வளவு தூரம் போக மாட்டார். "அவங்க கொஞ்சம் ஒத்துழைக்கல மாமி" என்பதோடு சரி.

காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய லேப்டாப் இப்போது ஓடுகிறது என்பதும் உண்மை. வைரஸ் எச்சரிக்கை வருவதில்லை, பாதி வேலையில் அப்டேட் என்று பிடுங்கிக்கொள்வதில்லை. போன வாரம் மாமி அவரைப் படிக்கட்டில் பார்த்து, "எல்லாம் நல்லா ஓடுது தம்பி, ஒரு குறையும் இல்ல" என்று மனதாரச் சொன்னார்.

நம்மவர் முகம் தொங்கிவிட்டது. "ஒண்ணுமே இல்லையா? ப்ளூடூத்?"

"அதுவும் நல்லா வேலை செய்யுது."

"மூடித் திறந்தா முழிச்சுக்குதா?"

"டக்குனு முழிச்சுக்குதுப்பா."

காபிக்குக் கூப்பிட்டதால் உள்ளே வந்து உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அது முழித்துக்கொண்டது. அவர் பார்வை மெல்லச் சுவர்ப் பக்கம் போயிற்று.

"மாமா, இந்த டிவி ஆண்ட்ராய்டுதானே? அதுக்குள்ளயும் ஓடுறது லினக்ஸ் கெர்னல்தான், தெரியுமா?"

மாமி ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.